மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்குத் திரும்ப வருமா?

மாத முடிவில் எண்ணெய் விலை மாறினால் அடுத்த நாளே கேள்விகள் குவிந்துவிடும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன்.

சீனக்குடாவில் இத்தனை எண்ணெய்த் தாங்கிகள் இருக்க, திருகோணமலைக்காரருக்காவது மலிவாகத் தரக்கூடாதா? (உப்புவெளி வாசகர்)

தாங்கி என்ன கிணறா, எண்ணெய் ஊற? பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய சேமிப்பிடம் அது. இப்போது 99 தாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் லீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்த தாங்கியின் உருகிய தகடுகள் இன்னும் பற்றைக்குள் கிடக்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. உலகச் சந்தையில் விலை விழும்போது வாங்கி நிரப்பி வைக்கத் தாங்கி உதவும். ஆனால் வாங்க டொலர் வேண்டுமே. 2022 இல் நாம் எண்ணெய் வரிசையில் நின்றதே டொலர் இல்லாமல்தான்.

முந்தி மண்ணெண்ணெய் 87 ரூபாய். அதைத் திரும்பத் தந்தால் என்ன? (திருக்கடலூர் படகுக்காரர்)

உங்கள் கோபம் நியாயம். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாய் 340 ஆனது. நாளுக்கு 15 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,305 ரூபாய்ச் செலவு மறுநாள் 5,100. மீன் விலை அப்படியா ஏறியது? எண்ணெய்க் காசைக் கழித்த பிறகுதானே பங்கு பிரிக்கிறீர்கள், அதனால் அடி உங்களோடு நிற்காமல் கூட வரும் தொழிலாளியின் கைக்காசிலும் விழுந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த 87 ரூபாய் எண்ணெய் உங்களுக்குக் கிடைத்ததா? கேன்களைக் கயிற்றில் கோத்து எண்ணெய் செற் வாசலில் விட்டுவிட்டு, நிழல் தேடிப் போய் உட்கார்ந்திருந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாய். பக்கத்து பம்பில் மண்ணெண்ணெய் 87. இந்த இடைவெளியைக் கண்டால் டீசலில் கலந்து ஓட்ட ஆள் வராமல் இருக்குமா? விலையில் வைக்கும் மானியம் யார் அதிகம் அள்ளுகிறாரோ அவரிடம் போகும். கரைக்கு வர அது வற்றிவிடும்.

என்னைக் கேட்டால், விலையை விட்டுவிட்டுப் படகுப் பதிவைப் பார்த்துக் காசைத் தருவதுதான் சரி. 2024 அக்டோபரில் மீனவருக்கு லீற்றருக்கு 25 ரூபாய் என்று அறிவித்தது அந்த வழிதான். வழி சரி, தொகை போதாது. பதிவைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் அப்புறம் என்னிடம் குறைப்பட வேண்டாம்.

உலகச் சந்தையில் எண்ணெய் விழுந்தது என்கிறார்கள். இங்கே ஏன் விழவில்லை? (மூதூர்)

செய்தியில் சொல்வது மசகெண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெயின் விலை. நம் சப்புகஸ்கந்தை ஆலை சுத்திகரிப்பது நம் தேவையில் ஒரு பங்கைத்தான். மற்றதைச் சுத்திகரித்ததாகவே வாங்குகிறோம். அதற்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலை. மேலே டொலர் மாற்று, தீர்வைகள், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற்வரி (பெறுமதி சேர் வரி). கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்கென்று லீற்றருக்கு 50 ரூபாய் 2025 இலும் அறவிட்டார்கள். அதாவது அன்று நட்டத்துக்கு விற்ற எண்ணெயின் மிச்சக் காசைப் பிறகு நாம்தான் கட்டினோம். 87 ரூபாய் கேட்ட அண்ணை இதையும் வாசிக்கட்டும்.

நெல் வெட்டு மெசின் கூலி ஏறிவிட்டது. வயற்காரருக்கு டீசல் மானியம் கேட்கலாமா? (தம்பலகாமம்)

கேளுங்கள். ஆனால் மெசின்காரருக்கு டீசல் மலிந்தால் உங்களிடம் வாங்கும் கூலியைக் குறைப்பேன் என்று எழுதித் தருவாரா? அதைவிட உங்கள் கைக்கே வரும் காசைப் பாருங்கள். 2024 பெரும்போகத்துக்கு அரசு தந்த உரக்காசு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், உச்சம் இரண்டு ஹெக்டேயர். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10,000. குத்தகைக்குச் செய்கிறவர் கமநல சேவை நிலையத்தில் தன் பெயரைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் காணிக்காரர் பெயருக்குக் காசு போய்விடும் என்று பயப்படக் காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சரி பாருங்கள்.

பெற்றோல் 10 ரூபாய் ஏறியதும் நிலாவெளிக்கு ஓட்டோக்காரர் 100 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். நியாயமா?

ஒரு லீற்றரில் ஓட்டோ 25 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். 10 ரூபாய் ஏற்றம் என்றால் கிலோமீற்றருக்கு 40 சதம். டவுனிலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவில். ஆறு ரூபாய். வெறுமையாகத் திரும்பி வருகிறார் என்றால் பன்னிரண்டு. மிச்ச 88 ரூபாய்க்கு டயர், சாமான், பிள்ளையின் ரியூசன் என்று அவரிடமும் ஒரு கணக்கு இருக்கும். ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள்.