மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஆடுசதையை நீட்டிவிடுவது பயன் தருமா?

மூளை முடக்குவாதத்தால் மகள் நுனிக்காலில் நடப்பதாகவும், தினமும் ஆடுசதையை நீட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீட்டிவிடலாம், ஆனால் பிடிக்கும் இடம் மிக முக்கியம். முன்பாதத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் குதிகால் அசையாமல் பாதத்தின் நடுப்பகுதி வளைந்துவிடும். பார்வைக்குக் கணுக்கால் மடங்கியதுபோல் தோன்றினாலும் தசை நீண்டிருக்காது. ஆகவே குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, குதிகாலை உள்ளங்கையில் அடக்கி முழங்காலிலிருந்து விலகும் திசையில் இழுத்தபடி, உங்கள் முன்கையால் பாதத்தை மெதுவாக முழங்கால் பக்கமாகச் சாய்த்து, சுமார் 30 விநாடிகள் அப்படியே வைத்திருங்கள். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். முழங்காலை நீட்டிவைத்துச் செய்யும்போது மேலடுக்குத் தசையும், மடக்கிவைக்கும்போது உள்ளடுக்குத் தசையும் நீளும் என்பதால் இரண்டும் தேவை.

கையால் நீட்டுவது மட்டும் பெரும்பாலும் போதாது. நெடுநேரம் அணியும் கணுக்கால் தாங்கி, தொடர் மாவுக்கட்டு (கணுக்கால் சிறிது சிறிதாக மடங்கும்படி அவ்வப்போது மாற்றிப் போடும் கட்டு) ஆகியவை குறித்து இயன்முறை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.