பூங்காவில் பாட்டிலும் பட்டாசும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குடியிருப்போர் சங்கங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. ஐப்பசி நெருங்கினால் பூங்கா, பாட்டில், பட்டாசு என்றே கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், மாநிலச் சட்டம் பற்றிச் சொல்வது மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

அரசே கடை வைத்து விற்கிறது. நானும் நண்பரும் பூங்கா பெஞ்சில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு பீர் குடித்தால் அது எப்படிக் குற்றம்?
(அண்ணா நகர் வாசகர்)

குற்றம்தான். 21 வயது நிறைந்தவர் டாஸ்மாக்கில் வாங்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம், உரிமம் உள்ள பாரில் உட்கார்ந்து குடிக்கலாம். பூங்கா இரண்டிலும் சேராது. 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 4-ஏ பிரிவுப்படி பொது இடத்தில் போதையில் காணப்படுவதே குற்றம்.

'ரகளை பண்ணினால்தானே கேஸ்' என்று பலரும் கேட்பதற்கு வேறு ஒரு பிரிவு காரணம். குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை கொடுத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-வது பிரிவு பாயும். 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அபராதம் வெறும் 10 ரூபாய். இது தனி, மதுவிலக்குச் சட்டம் தனி. பீரைப் பேப்பர் கப்பில் ஊற்றி வைத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது.

காலையில் வாக்கிங் போனால் சறுக்குமரத்துக்குக் கீழே உடைந்த பாட்டில் கிடக்கிறது. ராத்திரி சுவர் ஏறிக் குதித்து வந்து குடிக்கிறார்கள். வாட்ச்மேன் வயதானவர். யாரிடம் சொல்வது?
(வேளச்சேரி வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் பகுதிப் பூங்கா நினைவுக்கு வந்தது. ஊஞ்சலுக்குக் கீழே கொட்டியிருந்த மணலில் ஒரு குவார்ட்டர் பாட்டிலின் அடிப்பாகம் புதைந்திருந்தது. விளிம்பு மட்டும் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஊஞ்சலிலிருந்து குதித்தது நேராக அதன் மேல். பாதத்தில் நான்கு தையல். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் சமாதானம் பேசுவதில்லை.

இதை இரண்டு புகாராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். எந்த கேட், எந்த மூலை, எத்தனை பேர் என்று சொன்னால் ரோந்து வண்டி நேரே அங்கே வரும். நீங்களோ வாட்ச்மேனோ அவர்களிடம் நேரடியாகப் போய்ப் பேச வேண்டாம்.

இரண்டாவது புகார் மாநகராட்சிக்கு, 1913 எண்ணில். பெரும்பாலும் யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் பலன் இதில்தான் அதிகம். எரியாத விளக்கு, தாழ்வான சுவர், ஆள் உயரத்துக்கு வளர்ந்த புதர், பூட்டாத கேட் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புகாராகப் பதிந்து எண் வாங்குங்கள். பத்து நாளில் நடக்கவில்லை என்றால் அந்த எண்களோடு மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் மனு, நகல் வார்டு கவுன்சிலருக்கு. வெளிச்சமான, புதர் இல்லாத மூலையில் குடிக்க யாரும் உட்கார மாட்டார்கள். நான் பார்த்த வரையில் போலீஸ் ரோந்தைவிட இரண்டு விளக்குக் கம்பம் அதிக வேலை செய்கிறது.

கண்ணாடிக்கு இன்னொரு வழியும் உண்டு. மலைப்பகுதியில் உடைந்த பாட்டில்கள் வன விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022-ல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் தொடங்கியது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், பாட்டிலைத் திருப்பினால் அது கையில் வரும். யானைக்கு வந்த அக்கறை நம் குழந்தைகளின் பாதத்துக்கும் வர வேண்டும்.

பூங்கா வாசலுக்கு எதிரே டாஸ்மாக் இருக்கலாமா?
(பெரம்பூர் வாசகர்)

விதிப்படி தடை இல்லை. 2003-ம் ஆண்டு விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். பூங்கா அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்குப் பக்கத்தில் பள்ளியோ கோயிலோ இருக்கிறதா என்று அளந்து பார்த்து, மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

அடுக்குமாடியில் இடமே இல்லை. தீபாவளிக்கு அரசு சொன்ன நேரத்தில்தான் வெடிக்கப் போகிறோம். பக்கத்துப் பூங்காவில் வெடிக்கலாமா?
(மடிப்பாக்கம் வாசகர்)

நேரத்துக்கு அனுமதி இருப்பதால் இடத்துக்கும் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்தது. நமக்குத் தீபாவளி என்பது எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியலில் வெடிப்பது. அதைச் சொல்லித் தமிழ்நாடு அரசு முறையிட்டது. மொத்தம் 2 மணி நேரம் தாண்டாமல் நேரத்தை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்னது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற கணக்கு அப்படி வந்ததுதான்.

பூங்கா வேண்டாம். காய்ந்த சருகு, மூங்கில், குழந்தைகள் விளையாடும் ரப்பர் தரை எல்லாம் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். மரத்தில் கூடு இருக்கும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக ஊரே பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறது. நாம் ஒரு பூங்காவையாவது விட்டுக்கொடுக்கலாம்.

சங்கம் சார்பில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பக்கத்தில் உள்ள காலி மைதானத்தில் எல்லாரும் சேர்ந்து வெடியுங்கள். அரசும் ஒவ்வொரு ஆண்டும் இதைத்தான் சொல்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், கோயிலுக்கு 100 மீட்டருக்குள் கூடாது. சரவெடி அதே 2018 தீர்ப்பிலேயே தடையானது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியும் கூடாது. பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அஜாக்கிரதையாக வெடித்து ஒருவருக்குக் காயமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 288-வது பிரிவில் 6 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு.

புத்தாண்டு இரவு 12 மணிக்குப் பூங்காவில் வாணவேடிக்கை விடலாமா?

கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் வரும் பட்டாசுக்கு ஒலி மாசு விதிகளிலேயே தடை. புத்தாண்டு இரவுக்கு 11.55 முதல் 12.30 வரை என்று 2018 தீர்ப்பு நேரம் விட்டது உண்மை. ஆனால் மேலே சொன்னதுபோல், நேரத்துக்கு அனுமதி என்பது பூங்காவுக்கு அனுமதி ஆகாது.

கம்பி மத்தாப்பு கூடவா ஆபத்து? குழந்தைக்கு அதுதான் ஆசை.
(கொளத்தூர் வாசகி)

மத்தாப்புப் பொறி 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி சூடாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. அதைப் புல்லில் போட்டால் மறுநாள் யாராவது மிதிப்பார்கள். வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்து முடிந்ததும் கம்பியை அதில் போடச் சொல்லிப் பழக்குங்கள். சூடு பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். அப்புறம் மருத்துவர். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

எங்கள் லேஅவுட் பூங்கா எங்கள் சொந்த இடம், உள்ளே பார்ட்டி வைக்கலாம் என்கிறார் சங்கத் தலைவர். சரியா?
(போரூர் வாசகர்)

பத்திரத்தைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அது பொது இடம். சங்கம் பராமரிக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. மது விருந்து அங்கே கூடாது.

வெடித்த குப்பையைப் பூங்காத் தொட்டியில் போடலாமா?

வேண்டாம். பட்டாசுக் குப்பையில் ரசாயனம் இருக்கிறது. மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறது. தனிச் சாக்கில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். வெடிக்காமல் போனவற்றை முதலில் தண்ணீரில் நன்றாக ஊற வையுங்கள். கொடுக்கும்போது சாக்கில் பட்டாசு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கையால் அள்ளுபவர் அவர்தான்.