மகள் லாயர் ஆகணுமாம்: சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் சட்டம் படித்துத் தோட்டத் தொழிலாளர்களுக்கு உதவ ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இரண்டு கவலை. பணத்துக்கு எங்கே போவது என்பது ஒன்று. படித்து முடித்தவள் தோட்டத்து ஆட்களுக்குச் சும்மாவே வழக்காடிக்கொண்டிருந்தால் எதைச் சாப்பிடுவாள் என்பது இன்னொன்று.

முதலில் பணம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு தனியார் கல்லூரியில் சேர்த்து லண்டன் பட்டம் வாங்கலாம் என்று உங்கள் சொந்தக்காரர் சொல்கிறார். வாங்கலாம்தான். அப்புறம் வழக்கமாக சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வையும் எழுதித் தேறினால்தான் மலேசியாவில் வழக்கறிஞராக முடியும். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது! மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சட்டம் படித்தால் அந்தத் தேர்வு தேவையில்லை. அங்கே போக ஆறாம் படிவம் நல்ல வழி. அரசாங்கப் பள்ளி, செலவும் குறைவு. எஸ்.டி.பி.எம். என்ற அந்த ஆறாம் படிவப் படிப்பு ஒன்றரை ஆண்டு, சட்டப் பட்டம் நான்கு ஆண்டு. பட்டப் படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்வி நிதியில் கடன் கேட்கலாம். வீட்டை அடகு வைக்கும் யோசனையை மூட்டை கட்டி வையுங்கள். இடம் கிடைப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை, போட்டி கடுமை. மலாயும் ஆங்கிலமும் ஏதோ சமாளிக்கிறாள் என்ற அளவில் இருந்தால் போதாது.

பட்டம் வாங்கியதும் சேம்பரிங். ஏழு ஆண்டாவது தொழில் செய்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. கையில் கிடைப்பது சொற்பம்தான். அந்தச் சமயத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லி அவளை நெருக்காதீர்கள்.

இரண்டாவது கவலைக்கு வருகிறேன். ஒரு செம்பனைத் தோட்டத் தொழிலாளியிடம் “நாளையிலிருந்து வேலைக்கு வராதே” என்று சொல்லிவிடுகிறார்கள் என்று வையுங்கள். கையில் மலாயில் ஒரு கடிதம். அதை வைத்துக்கொண்டு அவர் கோயில் தலைவரைப் பார்க்கிறார், யூனியன்காரரைப் பார்க்கிறார், திருவிழா முடியட்டும் என்று காத்திருக்கிறார். நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று தொழில் உறவுத் துறையில் புகார் செய்ய 60 நாள்தான் கெடு. அது தாண்டினால் வழக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அந்தக் கடிதத்தை வாசித்து, தேதியைப் பார்த்து, “அண்ணே, இன்றைக்கே போங்க” என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். உங்கள் மகள் செய்ய நினைப்பது இதைத்தான். இதற்கு அரை மணி நேரம் ஆகுமா? இதனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

வீடு வாங்கல் விற்றல் பத்திரம், விபத்து வழக்கு என்று வருமானத்துக்கு வழி இருக்கிறது. சேவையும் அதோடு கூடவே நடக்கும். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்களில் சேம்பரிங் பிள்ளைகளும் பணி செய்தாக வேண்டும். தேசிய சட்ட உதவி அறவாரியம் மூலம் குற்றவியல் வழக்கு எடுத்தால் சிறு கட்டணமும் உண்டு. நம் பேராக்கிலேயே சீனிவாசகம் சகோதரர்கள் இல்லையா? இருவரும் வழக்கறிஞர்கள். ஏழைகளுக்காக வாதாடிய தம்பி டி.ஆர். பெயரில் ஈப்போவில் பூங்காவே இருக்கிறது.

எதற்கும், கல்லூரி விளம்பரங்களைப் பார்க்கும் முன் அவளை ஒருநாள் ஈப்போ நீதிமன்றத்துக்கு அனுப்பி வையுங்கள். பொதுவாக விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். படத்தில் வருவது போல வசனம் இருக்காது. பாதி நேரம் தள்ளிவைப்புதான். அதைப் பார்த்தும் ஆசை குறையாவிட்டால், ஆறாம் படிவத்துக்குப் பதிந்துவிடுங்கள். காலையிலேயே போகச் சொல்லுங்கள், அடக்கமான உடையில். உள்ளே கைப்பேசி அடிக்கக் கூடாது.