வெயில் தாங்கும் காய்கறிக்கும் படிப்பு இருக்கிறது

பெண் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், மூன்றாவது முறையும் எழுத வைக்கலாமா, இல்லை நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இரண்டுமே வேண்டாம். "டாக்டராக்கிவிடு" என்று சொல்லும் சொந்தக்காரர் யாரும் தவணை கட்ட வரப்போவதில்லை. அவளுக்குச் செடி, விதை என்றால்தான் உயிர் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதல் வரியில் இருக்க வேண்டியது அதுதான்.

பொறியியல், நர்சிங் பற்றி ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது, வறண்ட நிலத்துக்கான நாட்டுக் காய்கறிகளில் புது ரகம் உருவாக்கும் வேலை. இதுபோன்ற பயிர்களுக்கென்றே ராஜஸ்தானின் பிகானேரில் மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் இருக்கிறது. நம் மிதுக்கங்காய்க்கு நெருங்கிய சொந்தமான கச்ரி என்ற வெள்ளரிக் குடும்பத்துச் சிறு காய் அங்கே மானாவாரிக் காட்டில் தானாகவே முளைக்கும். அதிலிருந்து பொறுக்கியெடுத்து ஏ.ஹெச்.கே. 119 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறார்கள்.

வேலை எப்படி இருக்கும் தெரியுமா? வெயில் ஏற ஏற வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ பெருகும், காய் பிடிக்கும் பூ குறையும். அதனால் எத்தனையாவது கணுவில் முதல் காய்ப்பூ வருகிறது என்று கொடி கொடியாக எண்ணிக் குறிக்க வேண்டும். தேறிய கொடியில், மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையிலேயே காகிதப் பையால் மூட வேண்டும். இருபால் பூ என்றால் மகரந்தப் பைகளை அப்போதே கிள்ளிவிட வேண்டும். காலையில் வேண்டிய மகரந்தத்தைத் தடவி, தேதி எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். இப்படிப் பல தலைமுறை போனால்தான் ஒரு ரகம் நிலைக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

நாட்டு ரகம்தானே என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் சாம்பல் நோய் முலாம்பழத்தை அழித்தபோது, 1930களில் அதைத் தாங்கும் குணம் இந்திய விதையிலிருந்துதான் போனது.

சரி, வழி? நான்கு ஆண்டு தோட்டக்கலை இளநிலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நீட் தேவையில்லை. அப்புறம் காய்கறி அறிவியலிலோ பயிர் இனப்பெருக்கத்திலோ இரண்டு ஆண்டு முதுநிலை. அது முடிந்தால் விதை நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகலாம்; வேளாண் விஞ்ஞானிகளுக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வு எழுத முனைவர் பட்டமும் வேண்டும். உடனே சம்பளம் வராது, குறைந்தது ஆறு ஆண்டு ஆகும். அதற்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

நன்கொடை கேட்கும் கல்லூரிக்கு ஒரு பைசா தராதீர்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் தாவரவியல் இளநிலை படிக்கட்டும்; அதிலிருந்தும் மரபியலுக்குப் போக வழி உண்டு. விண்ணப்பிக்கும் முன் அவளை ஒரு கோடைப் பருவம் முழுக்கக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்ய விடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், உறவினர்களிடம் நீங்களே பேசிவிடுங்கள். அவளைப் பேச விடாதீர்கள்.