வாசகர் கேள்வி – பதில்: ஆந்தை எந்த எலியைப் பிடிக்கும்?

கேள்வி: ஆந்தை அகப்பட்டதையெல்லாம் தின்னுமா, பொறுக்கித் தின்னுமா?

பதில்: பொறுக்கும். ஆனால் ருசி பார்த்து அல்ல, எது சுலபமாகப் பிடிபடும் என்று பார்த்து. வெள்ளை முகம் கொண்ட ஆந்தையான கூகைக்குக் காதுதான் முதல் ஆயுதம். அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. அதனால் சத்தம் இடமா வலமா என்பதோடு, மேலேயா கீழேயா என்பதும் அதற்குத் துல்லியமாகத் தெரியும். கும்மிருட்டிலும் எலியை அமுக்கிவிடும். எனவே சருகில் சலசலக்கிற, வெட்டவெளிக்கு வருகிற பிராணிதான் முதலில் மாட்டும். அடர்ந்த புதருக்குள் நூறு எலி இருந்தாலும் ஆந்தைக்கு அவை இல்லாத மாதிரிதான். இந்த விஷயத்தை விட்டுவிட்டு எலி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் எப்போதும் குழம்புகிறார்கள்.

அடுத்தது அளவு. கூகையே 300 முதல் 600 கிராம்தான் இருக்கும். சுண்டெலி, மூஞ்சூறு ஆகியவற்றை முழுதாக விழுங்கும். வளர்ந்த பெருச்சாளி அதற்கு மீறிய சரக்கு. அதன் குட்டிகளோடு நிறுத்திக்கொள்ளும். கொம்பன் ஆந்தைக்கு அந்தத் தடை இல்லை, முயல், கௌதாரி வரை கை வைக்கும். பூமன் ஆந்தையின் வழியே தனி: மீன், நண்டு, தவளை. வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்றே அதன் பாதத்தின் அடிப்புறம் முள்முள்ளாகச் சொரசொரத்திருக்கும்.

கேள்வி: ஊருக்குள் குடியேறிய ஆந்தையின் சாப்பாடு மாறிவிடுமா?

பதில்: மாறும், எந்தப் பக்கம் மாறும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஐரோப்பியக் காடுகளில் எலியினங்களை நம்பி வாழும் டானி ஆந்தை, நகரத்துக்கு வந்தால் சிட்டுக்குருவி மாதிரியான பறவைகளை அதிகம் பிடிக்கிறது. சிமென்ட் தரையில் வயலெலி ஏது? புள்ளி ஆந்தைக்குத் தெருவிளக்கு ஒரு வசதி. வெளிச்சத்துக்கு வரும் வண்டுகளையும் விட்டில்களையும் பிடித்துத் தின்னும், சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியும் தப்பாது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் நிலைமை நேர் எதிர்: ஒரே பயிர், பெருகிக் கிடக்கும் எலி. அங்கே கூகையின் இரை ஏறக்குறைய முழுக்க எலிதான்.

சாலை இரைச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காதை நம்பி வேட்டையாடும் ஆந்தைக்கு, வண்டிச் சத்தத்தில் எலியின் காலடி அமுங்கிப்போகும். சாலையோரப் புல்லில் எலி நிறைய இருந்தும் குறி தவறுவது இதனால்தான்.

இரையைத் தேடிப் போகாமல் வரவழைக்கிற ஆந்தையும் உண்டு. அமெரிக்கப் புல்வெளிகளில் வளையில் வசிக்கும் சிற்றாந்தை, மாட்டுச் சாணம் போன்றவற்றைக் கொண்டுவந்து வளைவாயிலில் பரப்பிவைக்கும். சாணத்துக்கு வரும் வண்டுகள் அதற்குச் சாப்பாடு.

கேள்வி: எங்கள் பக்கத்து ஆந்தை என்ன தின்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. செரிக்காத முடியையும் எலும்பையும் ஆந்தை உருண்டையாகக் கக்கிவிடும், பெல்லட் என்பார்கள். பருந்து, வல்லூறு வயிற்றில் எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். ஆந்தை வயிற்றில் அமிலம் அவ்வளவு கடுமையில்லை, மண்டையோடு முழுசாகவே வெளியே வரும். கூகை நாளுக்கு ஒன்றிரண்டு கக்கும். புதிது கறுத்து, மெருகு பூசியதுபோல் பளபளக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகும்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, அமரும் இடத்துக்குக் கீழே பொறுக்குங்கள். தேதி எழுதிய காகித உறையில் போட்டு இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வையுங்கள், முடியைத் தின்னும் அந்துப்புழு செத்துவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இடுக்கியால் முடியைப் பிரியுங்கள். இழுக்கக் கூடாது, தாடை உடைந்தால் அடையாளம் போச்சு.

அடையாளம் பல்லில் இருக்கிறது. முன்னால் உளிபோல் வளைந்த வெட்டுப்பல், அதற்குப் பின் வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப்பல் என்றால் எலியினம். இடைவெளியே இல்லாமல் கூர்கூராகப் பல்வரிசை இருந்தால் மூஞ்சூறு. எண்ணும்போது இடது கீழ்த்தாடை மூன்று, வலது இரண்டு கிடைத்தால் பிராணி மூன்று, ஐந்து அல்ல. வண்டுகளுக்குத் தலைகளை எண்ணுங்கள், சிறகை மூடும் மேலோடுகளை அல்ல.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். உருண்டையில் எது அதிகமோ அதுதான் ஆந்தைக்குப் பிடித்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வெளியே எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. அதற்குப் பொறி வைத்துக் கணக்கெடுத்து, இவ்லெவ் சுட்டெண்ணைப் போடுவார்கள்: உணவில் உள்ள பங்கிலிருந்து வெளியில் உள்ள பங்கைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உருண்டையில் சுண்டெலி 0.6, பொறியில் 0.4 என்றால் விடை 0.2, லேசான நாட்டம். கழித்தல் 1 என்றால் தொடுவதே இல்லை. இதிலும் ஒரு வில்லங்கம்: தானியம் வைத்த பொறியில் மூஞ்சூறு அரிதாகவே விழும். அதனால் ஆந்தை மூஞ்சூறைத் தேடித் தேடித் தின்பதுபோல் பொய்த் தோற்றம் வரும்.

எண்ணிக்கையோடு எடையையும் எழுதுங்கள். ஒரு கிராம் வண்டு ஐம்பது தின்றாலும் அது 100 கிராம் எலியில் பாதிதான்.

கேள்வி: கோழிக்குஞ்சைத் தூக்குமா?

பதில்: கூகையும் புள்ளி ஆந்தையும் பொதுவாக அந்தப் பக்கம் வருவதில்லை. கொம்பன் ஆந்தை திறந்து கிடந்தால் எடுக்கலாம். இரவில் கூண்டை மூடுங்கள், போதும்.

கேள்வி: வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டிருக்கிறோம், எலி மருந்தும் வைக்கலாமா?

பதில்: இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். குச்சியின் குறுக்குக் கட்டை பயிரைவிட உயரமாக இருக்க வேண்டும். பயிர் மூடிய பிறகு எலி தெரியாது என்பதால் பயிர் நட்டவுடனேயே குச்சியை ஊன்றிவிட வேண்டும். புரோமடியோலோன், புரோடிபேகம் வகை மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையாமல் போய்ச் சாக மூன்று முதல் ஏழு நாள் ஆகலாம். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும்; ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு ஆந்தையின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். செத்த எலியைப் பொறுக்கிப் புதைப்பதால் மட்டும் இதைத் தடுக்க முடியாது, உயிரோடு தள்ளாடும் எலியைத்தான் ஆந்தை எடுக்கிறது. ஆந்தை வர வேண்டுமென்றால் கிட்டியும் பொறியும் வையுங்கள், வரப்புப் புல்லை ஒட்ட அறுத்து வையுங்கள்.