உணவுக்குழாய் பயாப்ஸி: ஒரு நோயியல் மருத்துவரின் பதில்கள்

கே: எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்திருக்கிறது. அப்படியானால் என் நெஞ்செரிச்சல் வெறும் பிரமையா?

ப: இல்லவே இல்லை. அமிலம் மேலேறி வரும் பலருக்கு எண்டோஸ்கோப்பியிலும் பயாப்ஸியிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சந்தேகம் நீடித்தால், உணவுக்குழாயில் அமிலத்தை அளக்கும் பிஎச் சோதனை செய்யச் சொல்வார்கள். ஒரு நாளில் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் உணவுக்குழாயில் அமிலம் இருந்தால் ரிஃப்ளக்ஸ், அதாவது அமிலம் மேலேறும் நோய், உறுதி.

கே: மைக்ராஸ்கோப்பில் எதைத்தான் பார்க்கிறீர்கள்?

ப: ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வருகிற துண்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்போம். அடியில் கரும் ஊதா நிறத்தில் ஒரு செல் வரிசை தெரியும். அமிலம் மேல்செல்களை அரிக்க அரிக்க, ஈடுகட்ட இந்த அடிவரிசை பெருகித் தடிக்கும். அதற்குக் கீழிருக்கும் திசுவின் விரல் போன்ற நீட்சிகள் மேற்பரப்பை நோக்கி நீளும். சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி செல்களுக்கு நடுவே இடைவெளி விழும்.

ஆனால் இரைப்பையை ஒட்டிய கடைசி இரண்டு, மூன்று சென்டிமீட்டரில், நோயே இல்லாதவர்களுக்கும் இந்த மாற்றங்கள் இருக்கலாம். அதனால் பல்வரிசையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் எடுத்தது என்று பாட்டிலில் எழுதாமல் அனுப்பினால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். அந்த எண் இல்லாமல் நோயாளிக்கு நியாயமான பதில் சொல்ல முடியாது.

கே: அப்புறம் எதற்கு பயாப்ஸி?

ப: வேறு நோய்களைப் பிடிக்க. சாப்பாடு தொண்டையில் சிக்குகிறது என்பவர்களுக்கு ஒவ்வாமை சார்ந்த இயோசினோஃபிலிக் அழற்சி இருக்கலாம். உயர் உருப்பெருக்கத்தில் ஒரே பார்வைப்பரப்பில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் 15 ஆவது இருந்தால் அந்தப் பக்கம் யோசிப்போம். இந்த நோய் திட்டுத்திட்டாக வரும் என்பதால், வெவ்வேறு மட்டங்களிலிருந்து குறைந்தது ஆறு துண்டுகள் தேவை. இன்னொன்று பாரெட் உணவுக்குழாய். குடலில் இருக்க வேண்டிய, சளி சுரக்கும் கோப்லெட் செல்கள் இங்கே முளைத்திருக்கும். சிறு அளவில் புற்றுநோய் அபாயம் உண்டு, அதனால் கண்காணிப்பு அவசியம். இதை பயாப்ஸி இல்லாமல் உறுதிசெய்ய முடியாது.

கே: துண்டு எடுக்கும்போது வலிக்குமா?

ப: பொதுவாக வலிக்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா?

ப: மாத்திரை புண்ணை ஆற்றிவிடும், இயோசினோஃபில்களையும் குறைத்துவிடும். அதனால் சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நிறுத்தாமல் போனாலும் சரி, பயாப்ஸி படிவத்தில் மாத்திரையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.