உரத்தொட்டி நாறினால்
ஆவணப்படம் பார்த்த ஊக்கத்தில் வீட்டில் மட்கு உரம் போடத் தொடங்கினீர்கள், மூன்றாவது வாரமே அழுகிய முட்டை நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். உள்ளே காற்றில்லை, ஈரம் மிகுதி, அவ்வளவுதான்.

தொட்டி அடியில் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீர் தேங்கி எத்தனை முறை கிளறினாலும் நாறும். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு அல்லது கிழித்த அட்டைத்துண்டு கலந்து திரும்ப நிரப்புங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். (மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை வந்தால் நைட்ரஜன் கூடுதல். அதற்கும் சருகுதான்.) வாரம் ஒருமுறை கிளறுங்கள். புதுக் கழிவைச் சருகால் மூடினால் ஈ முட்டையிடாது.